ஷியாங்சுன் கொழுந்தும் யாங்மெய் பழமும்: எதை வளர்ப்பது, எதை வாங்குவது?

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நீங்கள், அங்கே ஏப்ரலில் முட்டையோடு சமைத்துத் தந்த ஒரு மரக்கொழுந்தையும், ஜூனில் விரலும் உதடும் சிவக்கத் தின்ற யாங்மெய் பழத்தையும் மறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்கும் உங்கள் இப்போதைய ஊரின் கொல்லையில் இவற்றையோ, இவற்றைப் போன்ற வேறு சீன மரங்களையோ வளர்க்க முடியுமா, வளர்த்தால் அந்தச் சுவை வருமா, கோயம்புத்தூரில் உள்ள பெற்றோர் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது ஏதேனும் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். அதே மாகாணத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையிலும், திரும்பிய பிறகு இவற்றுள் சிலவற்றை வளர்த்தும் சிலவற்றைப் பட்டுப்போகவிட்டும் கற்றுக்கொண்டவன் என்ற முறையிலும் விடை எழுதுகிறேன்.

முதலில் நான் கடைப்பிடிக்கும் ஓர் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பண்டம் பயணத்தைத் தாங்காதோ அதைத்தான் கொல்லையில் வைக்க வேண்டும். தாங்குவதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். டாங் காலத்துக் கவிஞர் பாய் ஜுயி லிச்சிப் பழத்தைப் பற்றி எழுதும்போது, கிளையைவிட்டு நீங்கிய முதல் நாளில் நிறம் மாறும், இரண்டாம் நாளில் மணம் மாறும், மூன்றாம் நாளில் சுவை மாறும், நான்கைந்து நாள் கழிந்தால் மூன்றுமே போய்விடும் என்றார். அவர் லிச்சிக்குச் சொன்னது யாங்மெய்க்கும் ஷியாங்சுன் கொழுந்துக்கும் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். லிச்சிக்காவது இன்று குளிர்பதனப் பெட்டியும் விமானமும் உண்டு. உலர்ந்த சீன இலந்தையோ எவ்வளவு தொலைவு வேண்டுமானாலும் செல்லும். அதற்காக ஒரு மரத்தின் இடத்தைச் செலவிட வேண்டுமா என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் முட்டையோடு உண்ட கொழுந்து ஷியாங்சுன் மரத்தினுடையது. ‘மணமுள்ள சுன்’ என்பது அந்தச் சீனப் பெயரின் பொருள். இது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலையடிவாரங்களில் பலகைக்காக மதிக்கப்படும் சந்தன வேம்புக்கு மிக நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். ஆனால் உறவை நம்பிச் சந்தன வேம்பின் துளிரைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். அதை உணவாகக் கொள்ளும் வழக்கத்தை நான் கண்டதில்லை. சந்தன வேம்பின் குருத்தை விரும்பித் துளைப்பது ஒரு புழு. அதன் சீன உடன்பிறப்பின் குருத்தை விரும்பிப் பறிப்பவர்கள் மனிதர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதன் சுவையைச் சொற்களில் பிடிப்பது கடினம். நெய்யில் வதங்கிய சின்ன வெங்காயம், பூண்டுத்தாள், இவற்றுக்கு அடியில் வறுத்த கொட்டையின் வாசம், கடைசியில் இறைச்சிச் சாறு போன்ற ஒரு கனம். இந்த மணத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். நாவில் நிற்கும் கனத்துக்குக் காரணம் அதில் மிகுதியாக உள்ள குளுட்டாமிக் அமிலம். வெங்காயம், பூண்டு முதலியவற்றை விலக்கும் பௌத்த மரபில் வந்த சைவச் சமையல் தைவானில் இதை அரைத்து எண்ணெயில் ஊறவைத்த விழுதாகப் பயன்படுத்துவதைப் பார்த்தால், ஒரு மரத்தின் இலை எவ்வளவு தூரம் வெங்காயத்தின் வேலையைச் செய்கிறது என்பது புரியும்.

இதை எப்போது பறிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீன நாட்காட்டியின் 24 பருவக் கூறுகளில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி வருவது ‘கூயூ’, அதாவது தானிய மழை. மழைக்கு முந்திய கொழுந்து பட்டுநூல், மழைக்குப் பிந்தியது மரக்கட்டை என்ற கருத்தில் அங்கே ஒரு வழக்கு உண்டு. அது வெறும் நயத்துக்காகச் சொன்னதன்று. கொழுந்து முற்ற முற்ற நார் ஏறுவதோடு நைட்ரேட்டும் நைட்ரைட்டும் கூடுகின்றன. பறித்த பிறகு வைத்திருந்தாலும் நைட்ரைட் பெருகும். ஆகவே ஒரு சாண் நீளத்துக்குள், செவ்வூதா நிறமும் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் இருக்கும்போதே பறித்து, அன்றே கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துவிட வேண்டும். வெந்நீர் பட்டதும் சிவப்பு பச்சையாக மாறும். மணம் குறைவதற்குப் பதிலாக எழும்பும். கொதிநீரில் முக்கும் இந்தச் சிறு வேலையைத் தவிர்க்கவே கூடாது. இப்படி முக்கி, நீர் வடித்து, சிறு பொட்டலங்களாக உறையவைத்தால் பல மாதம் மணம் தங்கும்.

சமையலில் இதை முருங்கைக்கீரை முட்டைப் பொரியலோடு ஒப்பிடுவேன். நமக்கு அதைவிட அருகில் வேறொன்றும் இல்லை. பொடியாக நறுக்கி, அடித்த முட்டையில் உப்போடு கலந்து, எண்ணெய் நன்கு காய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். மிளகாயோ மசாலாவோ வேண்டாம். இன்னொரு வகை, நறுக்கிய கொழுந்தைச் சோயாக்கட்டியின் (டோஃபு) மேல் தூவி, உப்பும் எள்ளெண்ணெயும் விட்டுப் பிசைவது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, அதை நம் நல்லெண்ணெய் அளவுக்கு விட்டால் கொழுந்தின் மணம் அமுங்கிப்போகும், சில சொட்டுகள் போதும். மாவில் தோய்த்துப் பொரித்தெடுப்பதை ‘ஷியாங்சுன் மீன்’ என்பார்கள். அதில் மீன் கிடையாது. பொரிந்த வடிவம் சிறு மீனை ஒத்திருப்பதால் வந்த பெயர். நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

வளர்ப்பதற்கு வருவோம். உங்கள் ஊரின் 10 டிகிரி உறைகுளிர் இந்த மரத்துக்குப் பொருட்டே இல்லை. வடசீனத்தின் ஷாந்தோங், ஹெபெய் மாகாணங்களில் அதைவிடக் கடுமையான குளிரைத் தாங்கி நிற்கிறது. அது தாங்காதது தேங்கிய நீரைத்தான். விதை வாங்குவதைவிட வேர்த்துண்டோ வேரடியில் முளைத்த பக்கக்கன்றோ பெறுவது நல்லது. விதைகள் சில மாதங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். இணையத்தில் நான் முதன்முதலாக வாங்கிய பொட்டலத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அவை முந்தின ஆண்டு விதைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. விரலளவு பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ள வேர்த்துண்டுகளை வசந்தத் தொடக்கத்தில் நட்டால் பெரும்பாலும் தளிர்க்கும்.

விட்டுவிட்டால் இது 20 மீட்டருக்கு மேல் வளரும். ஏணி வைத்துக் கொழுந்து பறிக்க யாருக்கும் ஆசை இராது. எனவே தேயிலைத் தோட்டத்தில் செய்வதைப் போலவே இதையும் கவாத்து செய்து, மார்பளவு உயரத்தில் நிறுத்த வேண்டும். நுனிக் கொழுந்தைப் பறித்ததும் பக்க மொட்டுகள் எழும். இரண்டாம் பறிப்பு அவற்றிலிருந்து வரும், மணம் சற்றுக் குறைவாக. அதன் பிறகு கோடை முழுவதும் மரத்தைத் தொடக்கூடாது. அடுத்த வசந்தத்தின் கொழுந்து இந்தக் கோடையின் இலைகள் சேர்த்துவைத்த உணவிலிருந்துதான் பிறக்கிறது. ஆசைப்பட்டு ஜூன் வரை பறித்த ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில், எனக்குப் பென்சில் முனையளவு மொட்டுகளே வந்தன.

அடையாளப் பிழையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘நாற்றச் சுன்’ என்று சீனர்கள் அழைக்கும் இன்னொரு மரம் உண்டு. அது வேம்பின் குடும்பமே அன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் களையாகப் பரவி, சாலையோரமெங்கும் முளைத்து நிற்பது. தொலைவில் பார்த்தால் இரண்டின் கூட்டிலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். மணச் சுன்னின் இலைக்காம்பு பெரும்பாலும் ஒரு சோடிச் சிற்றிலைகளோடு முடியும். நாற்றச் சுன்னில் நுனியில் தனிச் சிற்றிலை ஒன்று நிற்கும், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒன்றிரண்டு பற்களும் அவற்றில் சுரப்பிப் புள்ளியும் இருக்கும். முதல் அடையாளம் சில வேளை பொய்க்கும், இரண்டாவது பொய்க்காது. முதிர்ந்த மரமானால் பட்டையைப் பாருங்கள்: மணச் சுன்னின் பட்டை நார்நாராக உரியும், மற்றது வழவழப்பாக இருக்கும். காய்களும் வேறு: முன்னது ஐந்து பிளவாக வெடிக்கும் சிறு காய், பின்னது நடுவில் விதை வைத்த சிறகு. ஐயம் இருந்தால் இலையைக் கசக்கி முகர்ந்தாலே போதும். வெங்காயமா அருவருப்பா என்று மூக்கு சொல்லிவிடும்.

மேலை நாடுகளின் நாற்றுப்பண்ணைகளில் ‘ஃபிளமிங்கோ’ என்ற பெயரில் இளஞ்சிவப்புத் துளிர் விடும் வகை ஒன்று அழகுக்காக விற்கப்படுகிறது. அதுவும் ஷியாங்சுன்தான், நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அன்றி மணத்துக்காக அன்று. உண்பதற்கென்றால் ஆன்ஹுய் மாகாணத்தின் தாய்ஹே பகுதியில் பெயர்பெற்ற, ‘கறுப்பு எண்ணெய்ச் சுன்’ போன்ற அடர்சிவப்புக் கொழுந்து வகைகளின் வேரைத் தேடுங்கள். மரத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி, தோட்டத்துக்குத் தொடர்பில்லாதது: பழஞ்சீன இலக்கிய வழக்கில் சுன் மரம் நீண்ட ஆயுளின் உருவாகித் தந்தையைக் குறிக்கும், ஷுவான் என்னும் ஆரஞ்சு மலர்ச் செடி தாயைக் குறிக்கும். அந்தச் செடியின் நெருங்கிய இனமொன்றின் மொட்டுகளை உலர்த்திச் சீனர்கள் குழம்பில் இடுகிறார்கள் என்பதால், தாய் தந்தை இருவருமே சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள்.

பிற மரக்கொழுந்துகளை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். வடகிழக்குச் சீனத்தில் முள் நிறைந்த அராலியா மரத்தின் நுனிமொட்டைப் பறித்து, கொதிநீரில் முக்கி, சோயா விழுதில் தொட்டு உண்பார்கள். ஜப்பானில் இதே இனத்தின் கொழுந்து ‘தாரானோமே’. சுவை நன்று, ஆனால் முள்ளும் வேரடிக் கன்றுகளும் சிறு கொல்லையைக் கைப்பற்றிவிடும். எல்ம் மரத்தின் இளம் சிறகுவிதைகளை மாவில் புரட்டி ஆவியில் வேகவைப்பது வடசீனக் கிராமங்களின் பஞ்சகால நினைவு. இன்று ஆண்டுக்கொருமுறை ஆசைக்கு உண்கிறார்கள். மூங்கில் குருத்தை நீங்கள் அறிவீர்கள். அது மரமன்று, புல். கசப்பும் சயனைடு தரும் சேர்மமும் போக நன்கு வேகவைக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி யாங்மெய். ஜெஜியாங்கில் யூயாவ் அருகே உள்ள ஹெமுது அகழாய்வுத் தளத்தில், ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் இதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணோடு அவ்வளவு பழைய உறவு. இந்தப் பழத்துக்குத் தோல் இல்லை. சாறு நிறைந்த ஆயிரம் மணிகள் கொட்டையைச் சுற்றிச் செருகியதுபோல இருக்கும். புளிப்பும் இனிப்பும் மாதுளையை நினைவூட்டும், முடிவில் பைன் பிசினின் சாயல் ஒன்று வந்து போகும். தோல் இல்லாததாலேயே இதைக் காப்பாற்ற முடிவதில்லை: அறை வெப்பத்தில் இரண்டு நாள் தாண்டுவது அரிது. அதோடு அது பழுப்பது ஜூன் நடுவில் தொடங்கும் அடைமழைக் காலத்தில். மழை விழுந்தால் இனிப்பு நீர்த்துப்போகும், பழம் உதிரும். உப்புநீரில் ஊறவைத்துத்தான் உங்களுக்குத் தந்திருப்பார்கள். பழஈக்களின் மிகச் சிறிய வெண்புழுக்கள் வெளியேறுவதற்காகச் செய்வது அது. தின்றிருந்தாலும் தீங்கில்லை, ஆகவே பழைய நினைவைக் கலைத்துக்கொள்ள வேண்டாம்.

வகைகளில் இரண்டை அறிந்திருந்தால் போதும். தாய்ஜோ பகுதியிலிருந்து வந்த ‘தோங்குய்’ சராசரியாக 20 கிராமுக்கு மேல் எடையுள்ள பெரும்பழம்; சந்தையில் அதற்கே மதிப்பு. யூயாவ் பகுதியின் ‘பீச்சி’ அதில் பாதி அளவே இருக்கும், கிட்டத்தட்டக் கறுப்பு, சாறு அடர்த்தியானது. என் தேர்வு இரண்டாவது; பெரிய பழத்தில் உருவம் மிகுதி, சுவை அவ்வளவு இல்லை என்பது என் கருத்து. மீந்த பழத்தைக் கற்கண்டோடு வெண்மதுவில் (காய்ச்சி வடித்த சீனச் சாராயம்) ஊறவைத்து, கோடையில் வயிறு மந்தமானால் ஒன்றிரண்டு உண்பது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம்.

ஆனால் உங்கள் கொல்லைக்கு யாங்மெய் ஏற்றதன்று என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இது என்றும் பசுமையான மரம். உங்கள் குளிர் அதன் தாங்குதிறனின் விளிம்பில் இருக்கிறது, மரம் பிழைத்தாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும் பூ பிழைக்காது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி; காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுசெல்லும்; பெண் மரத்தில் ஆண் கிளை ஒன்றை ஒட்டுக்கட்டுவது இடம் இல்லாதவர்கள் செய்யும் வழி. விதையிலிருந்து வளர்த்தால் கெட்டியான கொட்டைக்குள் இருக்கும் விதை மாதக்கணக்கில் உறங்கும், முளைத்த பிறகு எட்டுப் பத்து ஆண்டு காத்திருந்து, கடைசியில் அது ஆண் என்று தெரியவரலாம். அமில மண் கட்டாயம். உரத்தில்தான் இது எளியது: வேர்முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்ந்து, காற்றின் நைட்ரஜனை மரத்துக்குத் தருகிறது, தழையுரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிகும். குளிரில் உள்ளே நகர்த்தக்கூடிய பெரிய தொட்டியும், சூடேற்றாத கண்ணாடி அறையும், ஒட்டுக்கன்றும் உங்களிடம் இருந்தால் முயலுங்கள். கோயம்புத்தூர்ச் சமவெளியின் சுண்ணாம்பு கலந்த மண்ணும் வெயிலும் இதற்கு ஒவ்வா. இதன் இமயமலை உறவான காஃபலை உத்தராகண்டத்தில் மே, ஜூனில் கூடையில் வைத்து விற்பார்கள். சிறியது, கொட்டை பெரியது, ஆனாலும் அந்தக் குடும்பச் சாயல் நாவில் தெரியும்.

பெற்றோர் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது வாம்பி. சீனத்தில் ‘ஹுவாங்பி’, மஞ்சள் தோல். குவாங்தோங், குவாங்ஷி, ஹாய்னான் பகுதிகளின் வெப்பத்தில் வளர்வது, நம் கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சிறு பழம். திராட்சையின் சதை, எலுமிச்சையின் புளிப்பு, தோலில் கறிவேப்பிலையின் எண்ணெய் வாசம். பசித்தால் லிச்சி, வயிறு நிறைந்தால் வாம்பி என்று தென்சீனத்தில் சொல்வது அது செரிமானத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையால். தோலோடு உண்ணலாம், விதையைத் துப்பிவிட வேண்டும், கடுங்கசப்பு. விதை உலர்ந்தால் செத்துவிடும். பழத்தைத் தின்ற அன்றே மண்ணில் இட்டால் விரைவில் முளைக்கும், காய்க்க ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். புளிப்பு வகையும் இனிப்பு வகையும் இருப்பதால், உள்நாட்டுப் பண்ணையில் ‘கோழி இதயம்’ என்ற நீள்வடிவ இனிப்பு வகையின் ஒட்டுக்கன்று கிடைத்தால் அதையே வாங்குங்கள். கறிவேப்பிலைக்குச் செய்வதுபோல நீர் தேங்காமலும் முதல் கோடையில் சிறிது நிழலோடும் வைத்தால் போதும்.

சீன இலந்தை உங்கள் கொல்லையில் எளிதாக வளரும். நம் ஊர் இலந்தையின் பேரினம்தான், ஆனால் வேறு இனம். இலையுதிர்க்கும், கடுங்குளிர் தாங்கும், வறட்சியும் தாங்கும். அமெரிக்க வேளாண் துறைக்காக 1905 முதல் 1918 வரை சீனத்தில் செடி தேடி அலைந்து, கடைசியில் யாங்சி ஆற்றில் உயிரிழந்த ஃபிராங்க் மேயர் அனுப்பிய ‘லி’, ‘லாங்’ வகைகள் இன்றும் மேலைநாட்டுப் பண்ணைகளில் விற்பனையாகின்றன. உலர்பழத்துக்காக இதை நடாதீர்கள். பாதி பச்சை பாதி செம்பழுப்பாக இருக்கும்போது ஆப்பிளைப் போல மொறுமொறுக்கும் புதுப்பழம் கடையில் அரிது, அதற்காக நடலாம். இதனோடு ஒரே குடும்பமான ஹோவேனியா மரத்தில் நாம் உண்பது பழத்தை அன்று, பழத்தைத் தாங்கும் முறுக்கிய காம்பை. உறைபனி விழுந்த பின் உலர்திராட்சைபோல இனிக்கும். வேடிக்கை பார்க்க நன்று. தெற்கு பிரேசில் காடுகளில் இது கட்டுக்கடங்காமல் பரவியிருப்பதால் உங்கள் வட்டாரத்தில் தடை உண்டா என்று முதலில் பாருங்கள்.

விதையோ வேரோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவதைத் தயவுசெய்து நினைக்காதீர்கள். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். பிற நாடுகளிலும் இதையொத்த விதிகள் உண்டு. 2020-இல் யாரும் கேட்காமலே சீன முத்திரையோடு விதைப் பொட்டலங்கள் அமெரிக்க வீடுகளுக்கு வந்தபோது, அவற்றை நடவேண்டாம் என்று வேளாண் துறை எச்சரித்தது நினைவிருக்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இந்தக் குளிர்காலத்தின் இறுதியில் உள்நாட்டிலேயே வளர்க்கும் ஒருவரிடம் நான்கு ஷியாங்சுன் வேர்த்துண்டுகள் வாங்கி, தெற்குப் பார்த்த சுவரோரம் ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவேன். அவற்றுக்கு அப்பால் ஓர் ஒட்டு இலந்தை. முதல் இரண்டு வசந்தங்களில் கொழுந்தைத் தொடமாட்டேன். மூன்றாவதில், இலை விரியுமுன், நுனிக் கொழுந்தை மட்டும் காலையில் ஒடிப்பேன். முட்டை அதற்கு முந்தின நாளே வீட்டில் இருக்க வேண்டும்.